சுற்றி வந்த கை

வெள்ளறடையில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய சின்ன குவேக்கர் சபைப் பள்ளியில் எல்லாரும் தரையில் வட்டமாக அமர்ந்து மௌனமாக இருக்கிறார்கள். இங்கே பிரார்த்தனை என்பது இவ்வளவுதான். தலைமையாசிரியை பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்தால் மௌனம் முடியும். அது ஆள் மாறி ஆள் மாறி வட்டம் முழுக்கப் போகும். தலைமையாசிரியை ஸ்ரீகுமாரிக்கு இன்று பணியில் கடைசி நாள். பூமாலையும் பேச்சும் வேண்டாமென்று அவளே சொல்லிவிட்டாள். கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கிய வெயில் பிள்ளைகளின் முழங்கால்களில் கிடக்கிறது. பனச்சமூட்டுக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்துக் கடக்கிறது. மணியடிக்கும் நேரம் தாண்டியும் மௌனம் கலையவில்லை. ஸ்ரீகுமாரியின் வலப்பக்கம் புதிய தலைமையாசிரியை தன்யா இவள் கைக்காகக் காத்திருக்கிறாள். இவளோ தன்யாவின் கைக்காக. "டீச்சர், நீங்களாக்கும் தொடங்கணும்," என்று தன்யா முணுமுணுக்கிறாள். "இனி நீயாக்கும் மக்கா." தன்யா கொஞ்சம் தயங்கி, மறுபக்கம் இருக்கும் சிறுமியிடம் கை நீட்டுகிறாள். சிரிப்பும் வளையல் சத்தமுமாக அது நகர்வதை ஸ்ரீகுமாரி கண் நிறையப் பார்க்கிறாள். இத்தனை வருஷமும் முதல் கையைக் கொடுத்த உடனே மணியடிக்க எழுந்து போய்விடுவாள். அது சுற்றி வந்து சேரும்போது அவள் இடம் காலியாகவே இருக்கும். இன்று இருக்கிறாள். கடைசியாக இடப்பக்கத்திலிருந்து சமையல்கார மேரிக்குட்டியின் கை வருகிறது, தேங்காய் துருவிய ஈரத்தோடு. "கஞ்சி ஆறிப்போவும் டீச்சரே, கைய விடுங்க," என்கிறாள் மேரிக்குட்டி. இறுக்கிப் பிடித்திருப்பதோ மேரிக்குட்டிதான்.