இரண்டாவது கதிரை

இறுப்பிட்டியில் வெயில் சரிகிறது. விறாந்தையில் இரண்டு கதிரைகள். ஒன்றில் இராசநாயகம் இருக்கிறார். அவருடைய மனைவி காலமான பிறகு, இவன் வரும்வரை எவரும் இருந்திராத மற்றக் கதிரையில் வேட்பாளர் தயாபரன் இருந்து, தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிக்கிறான். அவன் தலைக்கு மேலே சுவர்ப் படத்தில், அவனுடைய கட்சிக்கு எதிரான கட்சியின் தலைவர் மாலையோடு சிரிக்கிறார். இந்த ஊர் காலகாலமாக அந்தக் கட்சிக்குத்தான் புள்ளடி போடுகிறது. கேட்காமலே விழுகிற வாக்கு என்பதால் அந்தக் கட்சிக்காரர் ஒருவரும் இந்தப் படலையைத் திறப்பதில்லை. தயாபரனோ ஒரு வாரமாக ஒவ்வொரு பின்னேரமும் வருகிறான். கட்சிக்கதை கதைப்பதில்லை. “முழங்கால் நோ எப்பிடி ஐயா? மகள் கனடாவிலையிருந்து கோல் எடுத்தவவோ?” என்றுதான் தொடங்குவான். பக்கத்து வளவில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் கூரையில் காவோலை உரசுகிறது. குறிகட்டுவானுக்குப் போகும் பஸ்ஸின் இரைச்சல் கிட்ட வந்து, பிறகு தேய்கிறது.

“நாளையோடை பிரசாரம் முடியுது, ஐயா. என்ன யோசிச்சிருக்கிறியள்?”

வந்த முதல் நாள், கதிரையின் தூசியைக் கையால் தட்டிவிட்டு அவன் இருந்தபோதே, தன் புள்ளடி அவனுக்குத்தான் என்று இராசநாயகம் முடிவெடுத்துவிட்டார். அதைச் சொல்ல வாயைத் திறக்கிறார். படலைக்கு அப்பால் ஆளில்லாத ஒழுங்கை கண்ணில் படுகிறது.

“இன்னும் ஒரு முடிவுக்கும் வரேல்லை, தம்பி. நாளைக்கும் ஒருக்கா வந்து கேட்டுப் பாரும்.”