ரெண்டு எஞ்சின் கார்

குரும்பலூரில் ஒரு முட்டுச்சந்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் மணிமொழி, தன் பழைய மாருதி காரின் டிக்கியில் இன்னொரு எஞ்சினைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு ராஜதுரை அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

“ஏம்மா, ஒரு எஞ்சினுக்கே என் காம்பவுண்டு சுவத்தை மூணு தடவ இடிச்சிட்ட. ரெண்டு எஞ்சின்னா வூடே போயிடுமேம்மா!”

“பயப்படாதீங்க சித்தப்பா. இனிமே உங்க சுவத்துக்கு நான் கேரண்டி.”

“என்ன வேகம் போவும்?”

“பழைய வேகந்தான்.”

“பின்ன எதுக்கு இன்னொரு எஞ்சின்?”

“நாளைக்கு அரியலூர் கெளம்புறப்ப பாருங்க.”

மறுநாள் காலை, பட்டறையைப் பார்த்தபடி கார் நின்றது. ராஜதுரை முன்னெச்சரிக்கையாகச் சுவரோரம் இருந்த பைக்கை உள்ளே தள்ளிவைத்தார்.

மணிமொழி டிரைவர் சீட்டில் ஏறவில்லை. திருப்பிப் போட்டிருந்த பின்சீட்டில், டிக்கியைப் பார்த்து உட்கார்ந்தாள். அங்கேயும் ஒரு ஸ்டியரிங் இருந்தது!

கார் முட்டுச்சந்தை விட்டு நேராக வெளியே வந்தது. சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. ராஜதுரை வாயைப் பிளந்தார்.

மணிமொழி தலையை வெளியே நீட்டிச் சிரித்தாள்.

“எனக்கு ரிவர்ஸ் மட்டும் வரவே மாட்டேங்குது சித்தப்பா. அதான், காருக்குப் பின்பக்கமே இல்லாமப் பண்ணிட்டேன்!”