மாக்னே வீட்டு மண்டி

யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமான பிறகுதான் ஓட்வார் கோட்டுப் பையிலிருந்து அந்த மருந்துக் குப்பியை வெளியே எடுத்தான். எதிரே மாக்னேவின் பீர் கூஜா இருந்தது.

கூஜாவில் அவன் எதையும் கலக்கவில்லை. அடியில் தேங்கியிருந்த மண்டியைக் குப்பியில் வடித்து மூடிக்கொண்டான். பீரைப் பொங்க வைக்கிற ஈஸ்ட் அந்த மண்டியில்தான் உயிரோடு கிடக்கும்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் ஜனவரி முதல் சனிக்கிழமை ஊர்க் கூடத்தில் சேருவார்கள். கிறிஸ்துமஸ் பீரில் மிச்சம் வைத்ததை எல்லாரும் ருசி பார்த்து, நல்லதாக ஒன்றுக்கு மரக்கிண்ணம் கொடுப்பார்கள். அப்புறம் புது வருஷத்துக்கு என்ன திட்டம் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்ல வேண்டும்.

கிண்ணம் இந்தத் தடவையும் மாக்னேவுக்குத்தான். தொடர்ந்து ஐந்தாவது வருஷம். ஓட்வாரின் பீரை ஒரு வாய் குடித்தவர்கள் அவசரமாக ஆட்டு விலாத் தட்டைத் தேடினார்கள்.

“பொண்டாட்டி திட்டாம ஒரு பீப்பாயாவது காய்ச்சணும்” என்றான் மூலையில் இருந்த ஒருவன்.

“அது திட்டம் இல்லப்பா, பேராசை” என்றார் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த தலைவர் ஸ்டைனார்.

மாக்னே எழுந்தான். “ஈஸ்டருக்குப் பொண்ணு கல்யாணம். மூணு பீப்பாய் காய்ச்சணும். அப்புறம், பீப்பாயை ரெண்டு தடவை கழுவிட்டிருந்தேன். இனிமே மூணு தடவை கழுவணும். அவ்வளவுதான்.”

“இது பீர் காய்ச்சற சங்கமா, பாத்திரம் தேய்க்கற சங்கமா?” என்று ஓட்வார் பக்கத்து ஆளிடம் சொல்வதுபோல் உரக்கச் சொன்னான். மாக்னேவிடம் அவன் நேராகப் பேசுவதில்லை. அவனுக்கு இரவல் கொடுத்த செப்புக் கொப்பரை நசுங்கித் திரும்பி வந்த நாளோடு பேச்சு நின்றுவிட்டது.

“உன் திட்டம் என்ன ஓட்வார்?”

“மாக்னேவை ஜெயிக்கறது.”

ஸ்டைனார் ஒரு பக்கத்தைப் பின்னால் புரட்டினார். “போன வருஷமும் இதேதான் இருக்கு. மேற்படின்னு போட்டுக்கவா?”

கூடமே சிரித்தது. ஓட்வார் பைக்குள் குப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வீடு திரும்புகிற வழியெல்லாம் மனைவி போர்கில்டிடம் அதே பேச்சுதான். “அதே பார்லி, அதே ஓடைத் தண்ணி. ஈஸ்ட் ஒண்ணுதான் வேற. அதுல இருக்கு அவன் சூட்சுமம்.”

“கேட்டா குடுத்துட்டுப் போறாரு. ஈஸ்ட்னு வந்து நின்னவங்களை இந்த ஊர்ல யாரு இல்லேன்னு அனுப்பியிருக்கா?”

“அவன்கிட்டப் போய்க் கேக்கறதுக்கு நாக்கை அறுத்துக்கலாம்.”

ஆம்பிளைகள் சண்டை பெண்களுக்கு ஒட்டவில்லை. வியாழக்கிழமை தோறும் மாக்னேவின் மனைவி குன்வோரோடு உட்கார்ந்து கம்பளி பின்னப் போவாள் போர்கில்ட். சில வியாழன்களில் கையில் ஜாம் பாட்டிலும் இருக்கும். மூடியை மட்டும் இறுக்கவே மாட்டாள். “வழியில கொட்டப் போகுது, இறுக்கி மூடேன்” என்பான் ஓட்வார். “கொட்டாது, நீ உன் வேலையைப் பாரு” என்பாள்.

அடுத்த வியாழன் அவள் பின்னப் போயிருந்தபோது ஓட்வார் வேலையை ஆரம்பித்தான். குப்பியில் இருந்ததை முளைகட்டிய பார்லிச் சாற்றில் விட்டு இரண்டு நாளில் பெருக்கிக்கொண்டான். அப்பா காலத்திலிருந்து வைத்திருந்த சொந்த ஈஸ்ட்டைக் கொல்லைப் பனியில் கவிழ்த்தான். பீப்பாய்க்கு எப்போதும்போல் ஒரு வாளித் தண்ணீர் காட்டினான்.

ஈஸ்ட்டை விடும்போது வாய்விட்டுக் கத்த வேண்டும். கத்துகிற கத்தலில்தான் பீருக்கு வீரியம் ஏறும் என்பார்கள். ஓட்வார் இந்தத் தடவை கத்தவில்லை. மாக்னே வீடு கூப்பிடு தூரம்.

பத்து நாள் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், முதல் குவளையை எடுத்து வந்தான். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“இதான்! இதேதான்! வாசனை எப்படித் தூக்குது பாரு. அடுத்த ஜனவரி கிண்ணம் நம்ம அலமாரியில.”

போர்கில்ட் ஒரு வாய் குடித்தாள். “எனக்கு நம்ம பழைய பீர் மாதிரிதான் இருக்கு. அதே புளிப்பு.”

“உனக்கு நாக்கு செத்துப்போச்சு. இது மாக்னே ஈஸ்ட். அன்னிக்குக் கூடத்துல அவன் கூஜா மண்டியை எடுத்துட்டு வந்தேன்.”

குவளையை மெல்லக் கீழே வைத்தாள். “அப்போ நம்ம ஈஸ்ட் எங்க?”

“பனியில கொட்டிட்டேன். அஞ்சு வருஷமா என் மானத்தை வாங்கினது போதாதா?”

போர்கில்ட் ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்திருந்த ஜாம் பாட்டிலைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்த்தாள்.

“வருஷா வருஷம் மாக்னே வீட்டுக்கு நம்ம ஈஸ்ட்டைத்தானே கொண்டுபோறேன்… இப்ப கல்யாணத்துக்கு எதைக் குடுப்பேன்?”