லில்லிபாயின் முயல்

ஞானசிகாமணி வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்தான். முயலுக்கு அடியில் கிடந்த ஈரச் சாக்கை மாற்றினான். பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரில் கஞ்சித் தெளிவை எடுத்து அதன் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டான். அது விழுங்கவில்லை.

ஏழு மணிக்கு மாமியார் நேசம்மாள் மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டி வந்தாள். அவர் முயலின் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"எருமைக்குப் பழகின கையாக்கும் சார் இது. ஆனாலும் தெரியுது, கட்டி முத்திப்போச்சு. ஒரு ஊசி போட்டா நோவில்லாம உயிர் போயிரும்."

"வேண்டாம். 'முயலைக் கைவிட்டிராதீங்க'ன்னு சொல்லிட்டுத்தான் என் பெஞ்சாதி லில்லிபாய் கண்ணை மூடினா. நான் அப்ப பள்ளிக்கூடத்துல இருந்தேன். மாமிதான் பக்கத்துல இருந்தாங்க, கேளுங்க."

நேசம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

"மருமவனே, அது நான் சொன்ன பொய்யாக்கும். அவளை அடக்கம் பண்ணி பத்து நாளா நீங்க பாயை விட்டு எழும்பவே இல்ல. எழும்புறதுக்கு ஒரு சோலி வேண்டாமா?"

எட்டு மாதமாக அவன் அந்தச் சோலியைத்தான் பார்த்து வந்தான். முயலைத் தூக்கி டாக்டரிடம் கொடுத்தான்.

"அப்ப அவ என்னதான் சொன்னா, மாமி?"

நேசம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"'அந்த முயலை யாருக்காவது குடுத்திரு அம்மா. அவருக்கு ஒரு சோலி குறையட்டும்.'"