சண்முகவடிவு டாட் காம்

"ஒரே பேருக்கு நாளுக்கு ஒரு விலையா? திங்கக்கிழமை இருபதாயிரம், புதன்கிழமை நாப்பத்தஞ்சு, வெள்ளிக்கிழமை தொண்ணூறா? இது என்ன, கோயம்பேட்டுத் தக்காளியா?"

அடையாறு ஆபீஸின் கண்ணாடி மேஜையை ஓங்கித் தட்டினார் பொன்ராஜ். தி.நகரில் முப்பத்தெட்டு வருஷமாகப் பாத்திரக்கடை வைத்திருப்பவர்.

ஜஹீதா அசரவில்லை. இன்டர்நெட் பெயர்களை வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகு அவளுடைய தொழில்.

"நானா ஏத்தறேன் அண்ணாச்சி? பேரு இப்போ மும்பைக்காரர் ஒருத்தர்கிட்ட இருக்கு. கேக்கிற ஆள் கூடக் கூட அவர் விலையை ஏத்துவார்."

"அது என் வீட்டுக்காரி பேரும்மா. அவ நகையை வித்து ஆரம்பிச்ச கடை. கல்யாண ஆர்டர் பூரா அந்தப் பேரைப் பாத்துத்தான் வரும். இந்த மாசம் ஒண்ணுகூட வரலை."

"வருஷப் பணத்தைக் கட்டியிருந்தா பேரு கைவிட்டுப் போயிருக்குமா? மெசேஜ் வந்திருக்குமே?"

"வந்துச்சு. கட்டு, கட்டுன்னு ஏழு மெசேஜ். எவனோ திருட்டுப்பயன்னு அழிச்சுட்டேன்."

ஜஹீதா சிரிப்பை அடக்கிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நகர்த்தினாள். அவர் தொடவில்லை.

"யாரும்மா போட்டிக்கு நிக்கிறது?"

"செவ்வாய்க்கிழமை ஒருத்தர். நேத்து ரெண்டு பேர். யாரும் எதுக்குன்னு சொல்லலை. விலையைக் கேட்டதும் போனை வெச்சுடறாங்க."

பொன்ராஜ் பையிலிருந்து செக் புக்கை எடுத்தார். எதிர்க்கடைக்காரனா? நாளைக்கு எவனோ அவள் பெயரில் குக்கர் விற்பான். இவர் வேடிக்கை பார்க்க வேண்டும்.

"இப்பவே முடிச்சுடுங்க அண்ணாச்சி. இன்னும் ஒரு போன் வந்தா லட்சத்தைத் தாண்டிடும்."

எடுத்த செக் புக்கை அவர் மறுபடி பைக்குள் திணித்தார்.

"இப்படி அவசரப்படுத்தினா அதுல ஏதோ இருக்குன்னு அர்த்தம். நான் ஏமாற மாட்டேன், தாயி."

படியிறங்கி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துகொண்டே போனைக் காதில் வைத்தார்.

"மிக்கேலு, பெசன்ட் நகர்லதான இருக்கே? ஒரு நம்பர் தரேன், என் பேரைச் சொல்லாம விலையை மட்டும் கேளு. ராயப்பேட்டை இனாயத், மயிலாப்பூர் அனந்தராமன், வடபழனி ஷரஃபுதீன்னு மூணு பேரையும் கேக்க வெச்சுப் பாத்துட்டேன். ஆளுக்கு ஒரு விலை சொல்றா, இவளை எப்படிப்பா நம்பறது?"