மேய்ச்சல்காரி வேஷம்

வடகோடிப் பனிநாட்டின் லூலியோ நகரத்து ஓட்டல் கூடத்தில், காற்றாலைகள் வந்தால் நிலத்துக்கும் மக்களுக்கும் என்ன கேடு வரும் என்று மதிப்பிடப் போகிறவர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. சாய்ந்த குளிர்கால வெயில் மேசையில் விரித்த வரைபடத்தின் மேலும், அதன் ஓரத்தில் இருக்கும் பனிமான் கழுத்துமணியின் மேலும் விழுகிறது. பேசுகிறவர் நேரம் முடிந்தால் அடிப்பதற்காகப் பயிற்சியாளர் தூர்கெல் பரிசுப்பொருள் கடையில் வாங்கிய மணி அது. ஊர்க்கூட்டம் போல நடித்துப் பழக ஆளுக்கொரு வேஷம்; கோபக்கார மேய்ச்சல்காரி வேஷத்தை அவர் ரிஸ்தெனுக்குத் தருகிறார். "உங்க ஆளுங்கதானே, உங்களுக்கு நல்லா வரும்." பனிமான் மேய்க்கிற குடும்பத்தில் பிறந்தாலும், மற்றவர்களைப் போல அவளும் படித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள்தான். காற்றாலைகள் வரப்போகிற இடத்தில், வரைபடத்தில் வெற்று நிலம் என்று போட்டிருக்கிறது. வெற்று நிலமாம். அவள் அண்ணனின் பனிமான்கள் வருஷா வருஷம் கன்று போடுகிற சரிவு அது. ரிஸ்தென் எழுந்து நிற்கிறாள். "அங்க காத்தாடி சுத்துனா மான் கிட்டயே வராது. அப்புறம் எங்க போய் கன்னு போடும், இந்த ஓட்டல் வாசல்லயா?" வரைபடத்தில் அந்தச் சரிவை விரலால் தட்டுகிறாள். காப்பி கலக்கிய கரண்டிகள் நின்றுவிடுகின்றன. பிறகு எல்லோரும் கைதட்டுகிறார்கள். "பிரமாதமான நடிப்பு," என்று தூர்கெல் சிரிக்கிறார். "சரி, இந்தம்மாவ யாரு சமாதானப்படுத்தப் போறீங்க?" கேட்டுக்கொண்டே மணியைத் தூக்குகிறார். ரிஸ்தென் கை நீட்டி அதன் நாக்கை விரல்களால் இறுக்கிப் பிடிக்கிறாள். அவர் ஆட்டிப் பார்க்கிறார், சத்தம் வரவில்லை. "உக்காருங்க," என்கிறாள். "நான் இன்னும் நடிக்கவே ஆரம்பிக்கல."