கூரைக்குள் ஆட்டு ரோமம்

“அப்பா, தலை!” என்று நெரிஸ் கத்தி முடிப்பதற்குள் ‘தொம்’மென்று சத்தம் கேட்டது.

வாசலில் ஒழுங்காகக் குனிந்து நுழைந்த இட்வல், உள்ளே வந்து நிமிர்ந்ததுதான் தப்பு. புத்தம்புது மேற்கூரை அவர் உச்சந்தலையைப் பதம் பார்த்துவிட்டது. வாலிபத்தில் ஊர் ரக்பி அணியில் எல்லோர் தலைக்கும் மேலே எம்பிப் பந்தைப் பிடித்தவர். வயதானாலும் ஆறடி ஐந்து அங்குலம் ஆறடி ஐந்து அங்குலமாகவே இருந்தது.

நெரிஸுக்குப் பகீரென்றது. இந்த அறையே அப்பாவுக்காகத்தான். அம்மா போன பிறகு மலை மேல் தனி வீட்டில் இருக்கிறார். போன குளிர்காலத்தில் வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து, தபால்காரர் வரும்வரை அங்கேயே கிடந்தார். அன்றே முடிவு செய்துவிட்டாள், இனி அப்பா தன்னோடுதான் என்று. வீட்டின் பின்புறத்தை நீட்டி அறை கட்ட ஆரம்பித்து, சுவர் எழும்பியபோது தங்கையின் பிரசவத்துக்காக ஸ்வான்சி போனாள். இன்றுதான் திரும்பினாள். வரும் வழியிலேயே அப்பாவையும் ஆசையாக அழைத்து வந்திருந்தாள், அறையைக் காட்ட.

“ஹைவெல் அண்ணே! என்ன இது, கூரை இவ்வளவு கீழ இருக்கு?”

சுவர் பூசிக்கொண்டிருந்த மேஸ்திரி ஹைவெல் கரணையைக் கீழே வைத்தார்.

“என்னைக் கேட்டா? குளிர் இறங்காம கூரைக்குள்ள அடைக்க நீங்க சொல்லிட்டுப் போனது ஃபோம் பலகை. ஆறு இன்ச்சோட முடிஞ்சிருக்கும். உங்க வீட்டுக்காரர் போன் பண்ணி, அது வேண்டாம், ஆட்டு ரோமம் அடைங்கன்னாரு. அதே அளவு குளிரைத் தடுக்கணும்னா ரோமம் பன்னிரண்டு இன்ச்சு வேணும். சட்டம் அப்படி.”

“அதுக்குக் கூரையை மேல தூக்கறது தானே?”

“வேலி ஓரமாச்சே தங்கச்சி. இதுக்கு மேல உயர்த்தக் கூடாது. அதுவும் சட்டம். மேல போக வழியில்லைன்னா கீழதான் இறங்கணும்.”

“கட்டட ஆய்வாளர் வந்து பார்த்தாரா?”

“பார்த்தாரே! பிரமாதம்னு கையெழுத்துப் போட்டுட்டுப் போனாரு. வீட்டுச் சூடு வெளிய ஓடுதான்னுதான் அவங்க பார்ப்பாங்க. உங்கப்பா தலை எங்க இடிக்குதுன்னா பார்ப்பாங்க?”

அப்போது பின்கதவு வழியாகத் தும்மிக்கொண்டே வந்தான் எம்லின். நெரிஸின் கணவன்.

“வந்துட்டியா? அறை எப்படி? நம்ம ஊர் ஆடு, நெரிஸ்! நம்ம மலைப் புல்லு தின்னு வளர்ந்த ஆடு... ஹச்! அந்த ஃபோம் எந்தத் தேசத்து ஃபேக்டரியிலயோ... ஹச்!”

“எங்கம்மா ஆட்டு ரோமத்துல பின்னிக் கொடுத்த ஸ்வெட்டரை, அரிக்குதுன்னு கல்யாணத்தன்னைக்கே கழட்டி வீசின ஆளு நீ. உனக்குத் திடீர்னு ஆட்டு மேல பாசமா?”

“கதகதப்பா இருக்கும்ல? எனக்கு இடிக்கவே இல்லையே!”

“உனக்கு நாய்க்கூண்டுலகூட இடிக்காது!”

ஹைவெல் சிரிப்பை அடக்கச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நெரிஸின் குரல் உடைந்தது. “இப்பதானே புரியுது. எங்கப்பா இங்க வர்றது உனக்குப் பிடிக்கலை. அதை வாய்விட்டுச் சொல்லத் துப்பில்லை. நான் இல்லாத நேரம் பார்த்து, கூரையை இறக்கி அவரைத் துரத்தப் பார்க்கிறே!”

எம்லின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமனாரைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

“நீ என்ன வேணா நினைச்சுக்கோ” என்றான் தரையைப் பார்த்து.

“ஹைவெல் அண்ணே, திங்கட்கிழமையே இதைப் பூராவும் பிச்சு எடுங்க. ஃபோம் போடுங்க. என்ன செலவானாலும் சரி!”

“நெரிஸ்!” இட்வல் கையை உயர்த்தினார். அதுவும் கூரையில் இடித்தது. “வேண்டாம்மா. நல்லா வாழற குடும்பம். என்னால உங்களுக்குள்ள சண்டை வந்ததுன்னா எனக்குத் தூக்கம் வருமா? கட்டின கூரையை உடைக்கக் கூடாது. நான் என் வீட்டுலயே இருந்துக்கறேன்.”

“குளிர்காலத்துல என்னப்பா பண்ணுவீங்க?”

“வாசல்ல பனி உறையாம உப்பைக் கொட்டி வெச்சுக்கறேன். தினம் உனக்குப் போன் பண்றேன். நான் கொடுத்து வெச்சது அவ்வளவுதான்னு நினைச்சுக்கறேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்க்க நெரிஸுக்கு நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது. இவ்வளவு பெரிய மனசா! அப்பாவின் மார்பில் முகம் புதைத்து ஒருபாட்டம் அழுதாள்.

“சரிப்பா, உங்க இஷ்டம். உங்களுக்கு டீ போட்டுட்டு வரேன்.” எம்லின் பக்கம் திரும்பினாள். “உனக்குப் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது!”

ஹைவெல், இனி அங்கே நிற்பது நல்லதில்லை என்று வேனுக்கு நழுவினார்.

சமையலறையில் கெட்டிலைப் போட்ட பிறகுதான் அப்பாவின் தலை வீங்குமே என்று நெரிஸுக்கு உறைத்தது. ஒத்தடம் கொடுக்க, ஃப்ரீசரிலிருந்து உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து ஒரு துணியில் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தாள். அறை வாசலுக்கு வந்தவள் அப்படியே நின்றாள்.

உள்ளே அப்பா, எம்லினின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

“திட்டு பூரா நீயே வாங்கிக்கிட்டே மாப்ளே, நீ நல்லா இருக்கணும்! ‘உன்கூட வந்து இருக்க மாட்டேம்மா’ன்னு அவ மூஞ்சிக்கு நேரா சொல்ற தைரியம் எனக்கு ஏது? ரோமம் போடச் சொன்னதே நான்தான்னு மட்டும் அவ காதுல விழாம பார்த்துக்கோ!”